மெழுகுக் கத்தியும் நீலத் தொட்டியும்: மியாவ் துணிச் சித்திரம் செய்யும் முறை, ஆரம்பம் முதல்

துணியில் மெழுகால் வரைய வேண்டும், நீலச் சாயத்தில் முக்க வேண்டும், கொதிநீரில் மெழுகைக் கழற்ற வேண்டும். மெழுகு இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். சொன்னால் இவ்வளவுதான். இதை நம்பி நான் முதலில் செய்த துணி ஸ்கூட்டர் துடைத்த துணி மாதிரி வந்தது. மெழுகு மேலாக ஒட்டியிருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. சாயம் அடிவழியாகப் புகுந்து கோடுகளையெல்லாம் தின்றுவிட்டது. நீலமும் நீலமாக இல்லை, சாம்பல்.

அப்புறம்தான் தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில் மியாவ் பெண்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் படித்தேன். அவர்கள் கத்தியைக் கையில் எடுப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி சாயத் தொட்டியில் நடக்கிறது. வரைவது நடுவில் வரும் ஒரு சின்னப் பகுதி. இந்தக் கலையைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் வரைவதை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால்தான் வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே செய்யும் முறையை முதலில் சொல்லி, நம் வீட்டு மாடியில் அதை எப்படிச் சமாளிப்பது என்று பிறகு சொல்கிறேன்.

யாருடைய கலை இது

சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களில் மியாவ் ஒன்று. 2020 கணக்கெடுப்பில் சுமார் 1.1 கோடி பேர். அதிகம் பேர் குய்சோவில். வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் மோங் என்ற பெயரில் இவர்களின் உறவினர்கள் இருக்கிறார்கள். வழிவழியாக வந்த எழுத்து இவர்களிடம் கிடையாது. முன்னோர் கதையைப் பாட்டில் பாடினார்கள், துணியில் வரைந்தார்கள். 2006-இல் சீனா தன் முதல் தேசிய மரபுக்கலைப் பட்டியலை வெளியிட்டபோது மியாவ் பழம்பாடல்களும் இடம்பெற்றன, தான்சாய் மாவட்டத்து மெழுகுச் சாயக்கலையும் இடம்பெற்றது.

மியாவ் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் குய்சோவுக்குள்ளேயே வரையும் கை ஊருக்கு ஊர் மாறும். தான்சாயில் பெரிய பெரிய சுழிகள், தாராளமான பறவைகள், மீன்கள். ஹுவாங்பிங் பக்கத்தில் கெஜியா மக்கள் (அரசுக் கணக்கில் மியாவுக்குள் வருகிறவர்கள், தங்களைத் தனி இனம் என்றே சொல்லிக்கொள்பவர்கள்) முடி போன்ற மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போடுவார்கள். ரோங்ஜியாங்கில் நீண்ட சடங்குக் கொடிகள்; 13 ஆண்டுக்கு ஒருமுறை எருமை பலியிட்டு முன்னோரை வணங்கும் குசாங் விழாவுக்காக அவற்றில் டிராகன் வரைவார்கள். ஆன்ஷுன் பக்கம் நீலத்தோடு சிவப்பும் மஞ்சளும் சேரும்.

இது மியாவுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. புயி, யாவ், கெலாவ் மக்களும் செய்கிறார்கள். ஹுய்ஷுய் வட்டாரத்துப் புயி மக்கள் தேன்மெழுகுக்குப் பதிலாக ஒரு மரத்துப் பிசினை மாட்டுக் கொழுப்போடு உருக்கி வரைவது தனி மரபு. அந்த மரத்தைப் பற்றிப் பிறகு இன்னொரு இடத்தில் பேச வேண்டியிருக்கும்.

இந்தக் கலை எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். நல்ல பாவாடை இல்லாத ஏழைப் பெண் ஒருத்தி பூ மரத்தடியில் தூங்கிப்போனாள். தேனீக்கள் அவளுடைய வெள்ளைத் துணியில் மொய்த்து மெழுகுப் புள்ளிகளை விட்டுப் போயின. கறையை மறைக்கலாம் என்று நீலத்தில் முக்கினாள், பிறகு சுடுநீரில் அலசினாள். மெழுகு உருகிப் போன இடமெல்லாம் வெள்ளைப் பூ. கறையை மறைக்கப் போய்க் கண்டுபிடித்தது என்று ஒரு கலையே ஒப்புக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

துணியைத் தயார் செய்வது

பழைய காலத்தில் சணல்வகை நார்த்துணி, பிறகு வீட்டில் நெய்த பருத்தி. இரண்டையும் முதலில் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து அலசுவார்கள். பருத்தியில் இயல்பாகவே ஒரு மெழுகுத்தன்மை உண்டு, தறியில் போட்ட கஞ்சி வேறு இருக்கும். அவை போனால்தான் சாயம் இறங்கும்.

அடுத்தது நாம் எதிர்பார்க்காத ஒரு வேலை. சேப்பங்கிழங்கு மாதிரியான கிழங்கை வேகவைத்துக் கூழாக்கித் துணியின் பின்பக்கம் தடவிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் மாட்டுக் கொம்பாலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கைத்தறித் துணியின் சொரசொரப்பு அடங்கி, தாள் போல ஆகும். கத்தி வழுக்கிக்கொண்டு ஓட இதுதான் காரணம். துணி முடிச்சில் கத்தி தடுக்கினால் கோடு அங்கேயே துளியாகிவிடும்.

நமக்குக் காடாத் துணியே போதும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், நீலம் அதில் ஒட்டாது. சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் டீ நிறத்தில் வரும். அவ்வளவு அழுக்கா என்று நினைக்காதீர்கள், அது பருத்தியின் சொந்த மெழுகும் கஞ்சியும்தான். நன்றாக அலசிக் காயவையுங்கள். கிழங்குக் கூழ் தடவ விருப்பமிருந்தால் மெல்லியதாகப் பின்பக்கம் மட்டும் தடவி, காய்ந்ததும் கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டால் அழுத்தி உருட்டுங்கள். சோம்பலாக இருந்தால் மெல்லிய நெசவு மல் துணி வாங்கிக்கொண்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். நான் தாண்டினேன்.

மெழுகும் கத்தியும்

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அது வளைந்து கொடுக்கும், துணியைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் வெடிக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாரஃபின் இதற்கு நேர்மாறு: இறுகியதும் கண்ணாடி போல நொறுங்கும். அங்கே முந்தைய துணிகளிலிருந்து கழற்றிய பழைய மெழுகையும் புதியதோடு சேர்த்து உருக்குவார்கள். பழைய மெழுகில் நீலம் ஏறிக் கறுத்திருக்கும்; வெள்ளைத் துணியில் கோடு கண்ணுக்குத் தெரிய அந்தக் கறுப்பு உதவும். முதல் தடவை செய்பவர்கள் முழுக்கத் தேன்மெழுகு வாங்கிவிடுங்கள். காசு கொஞ்சம் அதிகம், ஆனால் பாதியில் உடைந்து போகாது.

கத்தி என்றால் வெட்டும் கத்தி இல்லை. குட்டிக் கோடரி மாதிரி, அல்லது முக்கோணமாக வெட்டிய மெல்லிய செம்புத் தகடுகள் இரண்டோ அதற்கு மேலோ, ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, மூங்கில் பிடியில் செருகிக் கட்டியிருக்கும். மெழுகு அந்த இடைவெளியில் தங்கி, விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். செம்பு சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதால் ஒரு முக்கலுக்கு ஒரு நீளமான கோடு கிடைக்கும். ஜாவாவில் இதே வேலைக்குச் சின்னக் கிண்ணமும் மூக்குக் குழாயும் வைத்த கருவி. அது பேனா போல எந்தப் பக்கமும் திரும்பும், புள்ளி வைக்கும். மியாவ் கத்தி ஒரு பக்கமாக இழுக்கத்தான் சௌகரியம். நேர்கோட்டுக்கும் நீண்ட வளைவுக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மியாவ் சித்திரங்களில் இணைகோடுகள் அவ்வளவு நிறைந்திருப்பதற்கு ரசனை பாதி, கருவி பாதி.

வீட்டில் செய்துகொள்ளலாம். மெல்லிய செம்புத் தகட்டை இரண்டு ஒரே அளவு முக்கோணமாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் வழுவழுப்பாக்குங்கள். மேல்முனைகளுக்கு இடையே ஒரு தாள் கனத்துக்கு ஏதாவது வைத்து, பிளந்த மூங்கில் குச்சியில் செருகி, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கீழ் விளிம்பு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடிமேல் நிறுத்திப் பாருங்கள். ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் துணியைக் கீறும்.

அவர்கள் மெழுகுக் கிண்ணத்தைச் சாம்பல் மூடிய கரித்தணலில் வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொள்வார்கள். நாம் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைக்கலாம், மெழுகு 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. அடுப்பில் நேராக வைக்காதீர்கள். மெழுகு புகைய ஆரம்பித்தால் அடுத்தது தீ. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

எதை வரைவது

அலங்காரத்துக்கு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாத உருவங்கள் இவை. தான்சாயின் வெள்ளைக் கழுத்துப்பட்டி மியாவ் பெண்களின் மேலாடையில் முதுகிலும் கையிலும் சுழிச் சித்திரம் வரும். வோதுவோ என்று பெயர். எருமையின் சுழியை ஒட்டியது என்று சிலர் சொல்வார்கள், சுருண்ட பெரணிக் குருத்து என்று சிலர். எந்த விளக்கமானாலும் அதை இஷ்டத்துக்கு மாற்றி வரைவதில்லை. படுக்கை விரிப்பிலும் குழந்தையை முதுகில் கட்டும் துணியிலும் சுதந்திரம் அதிகம். அங்கேதான் மீன் வயிற்றில் பூ, பறவை இறகில் மீன் எல்லாம் வரும்.

வண்ணத்துப்பூச்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தென்கிழக்குக் குய்சோ மியாவ் பழம்பாடல்களின்படி உலகின் தாய் வண்ணத்துப்பூச்சி அன்னை. ஒரு மரத்தின் நெஞ்சிலிருந்து பிறந்தவள். நீர்க்குமிழியோடு கூடி 12 முட்டை இட்டாள். ஒரு பறவை அவற்றை 12 ஆண்டு அடைகாத்தது. அவற்றிலிருந்து மனிதர்களின் முதல் தகப்பன் ஜியாங் யாங், இடி, டிராகன், புலி, எருமை, பாம்பு எல்லாரும் வந்தார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், டிராகனுக்கு எருமைக் கொம்பும் பட்டுப்புழு உடம்பும் இருப்பது விசித்திரமாகத் தோன்றாது. அந்த மரம் எது என்றால், புயி மக்கள் பிசின் எடுத்து வரைகிறார்களே, அதே வகை மரம்தான்.

உங்கள் முதல் துணிக்கு என் யோசனை: ஒரு அடிச் சதுரம், நடுவில் ஒரு வண்ணத்துப்பூச்சி, சுற்றிலும் இணைகோட்டுக் கரை. வோதுவோவைத் தொடாமல் விட்டுவிடலாம். அது ஒரு சமூகத்தின் உடை அடையாளம். நாம் கற்றுக்கொள்ள வேறு எவ்வளவோ உருவம் இருக்கிறது.

மெழுகு இழுப்பது

தேர்ந்த பெண்கள் அளவுகோலோ வட்டமானியோ வைத்துக்கொள்வதில்லை. துணியை மடித்து மடிப்புத் தடம் உண்டாக்குவார்கள், நகத்தால் லேசாகக் கீறிக்கொள்வார்கள். அப்புறம் நேராக மெழுகுதான். ஏழெட்டு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கிய கை அது. நாம் பென்சிலால் மெல்லத் தடம் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணியைப் பலகைமேல் விரியுங்கள். கத்தியை மெழுகில் விட்டு அரை நிமிடம் சூடேற விடுங்கள். இதைச் செய்யாமல்தான் என் முதல் துணி கெட்டது. குளிர்ந்த செம்பு மெழுகை வழியிலேயே இறுக்கிவிடும். எடுத்ததும் கிண்ண விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிச் சொட்டை விடுங்கள். இன்னொரு கையில் மடித்த துணியைக் கத்திக்கு அடியில் பிடித்தபடியே கொண்டுவாருங்கள், வழியில் விழும் சொட்டு அதில் விழட்டும். கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, உங்களை நோக்கி, நிறுத்தாமல் இழுங்கள்.

இப்போது கோட்டைப் பாருங்கள். துணி எண்ணெய் பட்ட தாள் போலக் கொஞ்சம் ஊடுருவித் தெரிய வேண்டும், பின்பக்கம் திருப்பினாலும் அதே கோடு இருக்க வேண்டும். மேலே வெள்ளையாக, மேடாக, பின்பக்கம் ஒன்றுமே தெரியாமல் இருந்தால் சூடு போதவில்லை. கோடு இருபக்கமும் பரவிக் கொழகொழவென்று ஆனால் சூடு கூடிவிட்டது. இது ஒன்று கைவந்துவிட்டால் மீதி பழக்கம்தான். ஒரு முழு மாலை பழைய துணியில் வெறும் கோடுகளாக இழுத்துக்கொண்டிருங்கள். நடுவிலிருந்து வெளியே நகருங்கள்; வெளியிலிருந்து வந்தால் காய்ந்த கோட்டில் கை உரசும்.

தவறி விழுந்த சொட்டு? சுரண்டினால் போகாது. மியாவ் துணிகளில் இருக்கும் குட்டிப் புள்ளிப் பூக்களில் எத்தனை அப்படிப் பிறந்தவையோ. அதைச் சுற்றி இதழ் போட்டுவிடுங்கள்.

நீலம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

குய்சோ மலைகளில் நீலத்துக்கு முக்கியமாகப் பயிரிடும் செடி, தாவரவியல் கணக்கில் நம் நீலகிரியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் அதே பேரினம். ஈரமும் நிழலும் உள்ள மலைச்சரிவில் வளரும். குய்சோவைப் பற்றிச் சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் கிடையாது, மூன்று லீ சேர்ந்தாற்போல் சமதரை கிடையாது என்று. (ஒரு லீ அரைக் கிலோமீட்டர்.) அந்த ஊருக்குச் செய்த செடி போலத்தான் இருக்கிறது. நம் ஊர் நீலம் அவுரியிலிருந்து வருகிறது. அது பயறு வகைக் குடும்பம், வெயில் கேட்கும் செடி. செடிகள் இரண்டும் சம்பந்தமே இல்லாதவை. உள்ளே இருக்கும் நீலம் மட்டும் ஒரே பொருள். அதனால்தான் அவர்கள் முறையை நம் நீலத்தில் செய்ய முடிகிறது.

அங்கே இலையை அறுத்துத் தொட்டி நீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். இலை அழுகித் தண்ணீர் மஞ்சள்பச்சையாகும். இலையை அள்ளி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு சேர்த்து, தண்ணீரை முகந்து முகந்து ஊற்றி அடிப்பார்கள். காற்றுப் பட்டு நுரை பொங்கும், நுரை நீலமாகும். விட்டுவைத்தால் நீலம் அடியில் படியும். மேல்நீரை வடித்தால் கிடைப்பது நீலச் சேறு. அதைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்த நீலம் தண்ணீரில் கரையாது. அப்படியே துணியில் பூசினால் கழுவினால் போய்விடும். அதைக் கார நீரில் கரையும் மஞ்சள் வடிவமாக மாற்ற வேண்டும். துணி அதை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்ததும் காற்று மறுபடி அதை நீலமாக்கும், இழைக்குள்ளேயே பூட்டிவிடும். மஞ்சளாக மாற்றும் வேலையை அங்கே நுண்ணுயிர்கள் செய்கின்றன. மரத்தொட்டியில் நீலச் சேறு, சாம்பல் தண்ணீர், கூடவே அரிசி மது. தொட்டி உயிரோடு இருப்பதால் தினமும் பார்க்க வேண்டும். பசித்தால் மது, புளித்தால் சாம்பல் தண்ணீர். நுரையின் நிறத்தையும் வாடையையும் வைத்துத் தொட்டியின் உடம்பைச் சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் தொட்டி மந்தமாகும்.

வீட்டில் நொதிக்கவைப்பது முதல் முயற்சிக்குச் சரிவராது. வாடை வேறு பக்கத்து வீடு வரை போகும். சாயக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சர்க்கரை முறை சுலபம்: நீலம் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்புத் தூள் 2 பங்கு, பழச்சர்க்கரை 3 பங்கு. 10 லிட்டருக்கு முறையே 40, 80, 120 கிராம். பழச்சர்க்கரைக்குப் பதில் வெல்லமும் வேலை செய்யும், நேரம் கூடுதலாகும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி என்று தருவது காய்ந்த இலையை அரைத்தது. பச்சையாக இருக்கும், தலைமுடிக்குப் பூசுவது. அது இதற்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலக்கட்டி. கருநீலமாக, நகத்தால் தேய்த்தால் செம்புப் பளபளப்புத் தெரியும். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு எடுக்கிறார்கள். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலமும் இது அல்ல. சிரிக்காதீர்கள், அதில் முக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நீலக்கட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் மைபோல அரையுங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் நல்ல சூடான தண்ணீர் எடுங்கள். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அரித்துவிடும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சர்க்கரையைக் கரைத்து, நீலத்தை ஊற்றி, கடைசியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு பக்கமாக மெதுவாகக் கலக்குங்கள். காற்று உள்ளே போகக் கூடாது. மூடி வைத்து, கால் மணிக்கு ஒருமுறை கலக்கி, இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். மேலே செம்பு நிற ஆடை படரும், நீல நுரை ஒதுங்கும். ஆடையை விலக்கினால் அடியில் நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்த நீர். இதுதான் வேண்டும். இன்னும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை சேர்த்துச் சூடு காட்டுங்கள்.

அப்புறம் ஆற விடுங்கள். முழுக்க, ராத்திரி முழுக்க. வெதுவெதுப்பு இருந்தாலும் மெழுகு இளகிவிடும். அவசரப்பட்டு ஒரு துணியைப் பலிகொடுத்தவன் சொல்கிறேன்.

முக்குவதும் காற்றாடவிடுவதும்

மெழுகுத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க நனைத்துக்கொள்ளுங்கள். நுரையை ஒதுக்கிவிட்டு, குமிழி எழாமல் மெதுவாக இறக்குங்கள். மடிக்கவோ கசக்கவோ கூடாது. அடியில் சுண்ணாம்புச் சகதி இருக்கும். துணி அதைத் தொடாமல் உள்ளே ஒரு கம்பிவலையை நிறுத்தி வையுங்கள். 10 நிமிடம். வெளியே எடுத்தால் துணி வாழைக் குருத்து நிறம். பார்த்துக்கொண்டே இருங்கள், விளிம்பிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து நீலம் என்று கண்ணெதிரே மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. 20 நிமிடம் தொங்கவிட்டு மறுபடி முக்குங்கள்.

ஒரே தடவையில் நெடுநேரம் ஊறவைத்தால் அடர்த்தி வராது. முக்குவது, காற்று, முக்குவது, காற்று. இப்படி 6 முதல் 10 சுற்று. ஈரத்தில் இருக்கும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் இரண்டு படி வெளுக்கும். அங்கே இந்த வேலை நாள்கணக்கில் போகும்.

இரண்டு நீலம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. இரண்டு மூன்று முக்கலில் இளநீலம் வந்ததும் துணியை அலசிக் காயவையுங்கள். எங்கெல்லாம் இளநீலமாகவே நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் மெழுகு போடுங்கள். மறுபடி தொட்டிக்குப் போனால் கடைசியில் வெள்ளை, இளநீலம், கருநீலம் மூன்றும் இருக்கும்.

வெடிப்புக் கோடு பற்றி ஒரு சண்டை

மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து சிலந்தி வலை போலக் கோடு விழும். சீனத்தில் பனிக்கட்டிக் கோடு என்பார்கள். கடைகளில் விற்கும் துணிகளில் இதுதான் அழகு, இதுதான் கையால் செய்ததற்கு அடையாளம் என்று சொல்லி விற்பார்கள். வேண்டுமென்றே மெழுகைக் கசக்குவதும் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. கெஜியாப் பெண் ஒருத்தி முடியளவு கோடுகளை நாள்கணக்கில் இழுத்து வைத்திருக்கிறாள். அதன்மேல் வெடிப்பு ஓடினால் அது அவளுக்கு நஷ்டம்தான். தேன்மெழுகு போட்டு, கசக்காமல் முக்கிய துணியில் வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். முழுக்க வலைப்பின்னலாக இருந்தால் பாரஃபின் கை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது வேறு சோதனைகள் உண்டு. திருப்பிப் பாருங்கள்: அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்திருக்கும், தொட்டியில் முக்கியதில் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஒரே உருவம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் அருகருகே பிடியுங்கள். கை வரைந்ததில் ஒரு இறகாவது வேறுபடும். வெடிப்புக் கோடு உட்பட அச்சு அசலாக இருந்தால் அது இயந்திரம். குய்யாங்கில் குய்சோ மாகாண அருங்காட்சியகமும் கைலி நகரின் அருங்காட்சியகமும் நல்ல துணிகளைக் காட்சிக்கு வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அங்கே ஒரு சுற்று வந்தால் கண் பழகிவிடும். தான்சாயின் பைமோ கிராமத்தில் வரைகிறவர்களிடமே வாங்கலாம்.

மெழுகைக் கழற்றுவது

கடைசி முக்கலுக்குப் பிறகு ஒரு நாள் துணியை நிழலில் தொங்கவிடுங்கள். பிறகு குளிர்நீரில் அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் ஒருமுறை நனைத்தால் சுண்ணாம்பு போய்விடும். இதைச் செய்யாவிட்டால் துணி மரமரவென்று இருக்கும், நாளடைவில் இற்றும் போகும்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். துணியை இறக்கி மரக்கரண்டியால் அமுக்கிக்கொண்டே இருங்கள். மெழுகு மேலே கண்ணாடித் திட்டாக எழும். துணியை எடுக்கும்போதுதான் கவனம்: மிதக்கும் மெழுகைத் தாண்டி வரும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் மேலிருப்பதை முதலில் அள்ளிவிட்டு, பிறகு துணியை எடுத்து உடனே குளிர்நீரில் போட்டு உதறுங்கள். புதிய கொதிநீரில் இன்னொரு முறை. அவ்வளவுதான், வெள்ளை வெளியே வந்துவிடும். முதல் சில சலவைகளில் நீலம் கொஞ்சம் விடும், வேட்டி சட்டையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

மியாவ் மக்களிலும் டோங் மக்களிலும் சிலர் வரையாத நீலத்துணியை இன்னும் மேலே கொண்டுபோவார்கள். மாட்டுத்தோல் பசையும் முட்டை வெள்ளையும் பூசி, மரச்சுத்தியால் அடித்து அடித்து, உலோகம் போலக் கருஊதா மினுமினுப்பு வரவைப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டும்.

கொதித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். அப்படியே ஆறவிட்டால் காலையில் மெழுகு தட்டாக உறைந்து மேலே மிதக்கும். தோசையைத் திருப்புவது போல ஒரு ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக வந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் நீலச் சகதியைக் கரண்டியால் சுரண்டிவிட்டுத் துடைத்து வையுங்கள். இப்போது அது கொஞ்சம் கறுத்திருக்கும். அடுத்த துணியில் உங்கள் கோடு உங்களுக்கே நன்றாகத் தெரியும்.